கூரைக்குத் தகரம் கேட்டேன், பயிற்சிக்கு அனுப்பினீர்கள்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அத்தனாசியோ அவர்களின் சமூகத்துக்கு,

மைத்துனன் எலிசியோ எழுதிக்கொண்டது. குழந்தை இயேசுவின் தயவில் இங்கே நானும் என் வீட்டாரும் கொல்லையில் கட்டியிருக்கும் பன்றியும் சுகம். அங்கே தாங்களும் என் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. ஊர்த் திருவிழாவுக்குத் தாங்கள் கொடுத்தனுப்பிய பன்றித் தொடை வந்து சேர்ந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் நன்றி சொல்லாமல் இருப்பது முறையில்லை என்பதால் சொல்லிவிட்டேன்.

மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், கல்வி அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நீங்கள் உட்கார்ந்திருந்தபோது நான் வந்தேனே, நினைவிருக்கிறதா? வெறுங்கையோடு வரவில்லை. அக்காவுக்கு இலையில் மடித்து வேகவைத்த சுமான் பலகாரம் ஒரு கூடையும் உங்களுக்கு ஒரு குடுவை தென்னங்கள்ளும் கொண்டு வந்தேன். "அத்தான், போன புயல்ல என் நாலாம் வகுப்புக் கூரையில ரெண்டு தகரம் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நவம்பர் மழை வர்றதுக்குள்ள ரெண்டே ரெண்டு தகரம் வாங்கிக் குடுங்க, ஆணி நானே போட்டுக்கிறேன்" என்று சொன்னேன். நீங்கள் கள்ளை மோந்து பார்த்துவிட்டு, "கவலைப்படாத மச்சான், உன் பேரை மேல அனுப்பிட்டேன்னு வெச்சுக்க" என்றீர்கள். கூரைக்குத் தகரம் கேட்டால் என் பேரை எதற்கு மேலே அனுப்புகிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அக்காள் புருஷன் என்கிற மரியாதை வாயைக் கட்டிப்போட்டது.

அக்டோபர் விடுமுறையில் உத்தரவு வந்தது. தகரம் வரவில்லை. 'நேர்மறைத் தலைமைத்துவமும் ஆசிரியர் தொழில் மேம்பாடும்' என்று ஐந்து நாள் பயிலரங்கு, பட்டணத்து ஓட்டலில். எங்கள் தலைமையாசிரியை பெர்பெத்துவா மேடம், நான், இரண்டாம் வகுப்பு ரோவெனா டீச்சர், மூன்று பேரும் போக வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருஷம்கூட இல்லை, அத்தான். இனிமேல் என்னை எந்தத் தொழிலில் மேம்படுத்தப் போகிறீர்கள்?

அந்த ஓட்டல் கூரை ஒழுகவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். ஜெபம், தேசியகீதம், மாகாணப் பாட்டு, மாவட்டப் பாட்டு, கல்வி அலுவலகத்துக்கென்று யாரோ புதிதாகக் கட்டிய பாட்டு, இத்தனைக்கும் நின்றுகொண்டே இருந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் மேடைக்கு வந்த ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் பேசினவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி சொன்னார்கள். கடைசியாகப் பேசினவருக்கு நன்றி சொல்லவே நேரம் போதவில்லை, பேச வந்ததைப் பேசாமலேயே இறங்கிவிட்டார். அதுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்த பேச்சு. அதற்குப் பிறகு பயிற்சியாளர் வந்தார். டாக்டர் ஜெத்ரோ வில்யஃப்ளோர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பட்டம் வாங்கின டாக்டர். குழந்தைகள் இருக்கிற வகுப்பறைக்குள் அவர் கால் வைத்து வெகுகாலம் ஆகிறதாம், அவரே பெருமையாகச் சொன்னார். அதனால்தான் முகத்தில் அத்தனை சிரிப்பு. என் வகுப்பு நாற்பது பேரோடு ஒரு மதியம் விட்டால் அந்தப் பல் அத்தனையும் உள்ளே போய்விடும்.

வந்ததும் எங்களை ஆடச் சொன்னார். சோம்பல் முறிக்கவாம். நரைத்த தலைகள் எல்லாம் கோழி மாதிரி முழங்கையை அடித்துக்கொண்டு ஆடினோம், ஒரு ஆள் அதைப் படம் பிடித்தார். பிறகு கைதட்டலில் எத்தனை வகை உண்டு என்று கற்றுக்கொடுத்தார்கள். மீன் கைதட்டல், தேங்காய் உடைக்கிற கைதட்டல், மத்தாப்புக் கைதட்டல் என்று ஒரு காலை முழுதும் அதிலேயே போனது. மத்தாப்புக்கு இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை உதறிக்கொண்டே இறக்க வேண்டும். முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், இதைத் தெரியாமலேயே பிழைப்பை ஓட்டிவிட்டேன் பாருங்கள்.

அப்புறம் வந்தது சட்டம். 'பிரச்சினை' என்கிற சொல்லை யாரும் வாயால் சொல்லக்கூடாது. 'வாய்ப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். மீறிச் சொன்னால் ஒரு சிவப்புத் தொப்பி, அதை மாட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். நான் எழுந்து, "டாக்டர், என் வகுப்புல ஒரு பிரச்சினை இருக்கு, கூரையில ஓட்டை" என்றேன். தொப்பி வந்தது. பாடினேன். உட்காரும்போது, "டாக்டர், பாட்டு முடிஞ்சுது, பிரச்சினை முடியலையே" என்றேன். மறுபடி பாட்டு. ரோவெனா டீச்சர் என் காதில், "சார், தொப்பி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. கழட்டாதீங்க, எப்படியும் திரும்பி உங்ககிட்டதான் வரப்போகுது" என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. கடைசி நாள் அதை எனக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் தங்கள் பள்ளியின் 'பலக் கதை' சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருத்தர் எங்கள் பள்ளியில் மரம் இருக்கிறது என்றார், இன்னொருத்தர் எங்கள் பள்ளியில் புன்னகை இருக்கிறது என்றார். எனக்கு வயிற்றெரிச்சல். எழுந்தேன். "என்னோட பலம் மழை. மத்த ஸ்கூல்ல மழை வெளில பெய்யுது, என் வகுப்புல உள்ளயே பெய்யும். பிள்ளைங்க டப்பா வெச்சு அளப்பாங்க, அது கணக்கு. தண்ணி மேலருந்து வந்து தரை வழியாப் போகும், அது அறிவியல். காயுற மூலைக்கு பெஞ்சைத் தூக்கிட்டு ஓடுவாங்க, அது உடற்பயிற்சி. நாப்பது பேரும் அரை ரூம்ல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காருவாங்க, அது ஒற்றுமை" என்று சொல்லிவிட்டு, இப்போதாவது சபையில் யாராவது வெட்கப்படுவார்கள் என்று பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். ரோவெனா மட்டும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் ஜெத்ரோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அத்தான். நிஜக் கண்ணீர்.

"இதுதான். நான் இத்தனை வருஷமாத் தேடிட்டிருந்தது இதைத்தான்" என்றார்.

அடுத்த வினாடி பெர்பெத்துவா மேடம் எழுந்து நின்று, "எங்க ஸ்கூல் சார்தான் டாக்டர், நான்தான் ஊக்கம் குடுத்தேன்" என்றார். மூன்று மத்தாப்புக் கைதட்டல். எனக்குத் தோளில் ஒரு பட்டு வார், கையில் ஒரு சான்றிதழ். 'ஒளிரும் நடைமுறை' என்று எங்கள் பள்ளிக்கு விருது. கேலி செய்தால் மாலை போடுகிற ஊரில் மனுஷன் எப்படித்தான் கோபப்படுவது?

விருது வந்தால் பேனர் வராமல் இருக்குமா? நம் ஊரில் பிள்ளை பரீட்சையில் தேறினாலே வாசலில் முகம் போட்டுக் கட்டுகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு மீன்பிடிப் படகின் பாய் அளவுக்கு ஒரு பேனர் எழுந்தது. 'உள்ளே பெய்யும் மழை, உள்ளத்தில் வளரும் அறிவு' என்று பெரிதாக எழுத்து. மேயர் முகம் எல்லாவற்றிலும் பெரிது, அடுத்து டாக்டர் ஜெத்ரோ, அடுத்து மேடம், வலது ஓரத்தில் வாயெல்லாம் பல்லாக நீங்கள். என் முகம் கீழே, அச்சடித்த கடையின் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது.

நவம்பர் முதல் வாரம் ஒரு லாரி வந்தது. லாரியில் தகரம். அத்தான், அன்றைக்கு உங்களை நான் மனதாரப் பாராட்டினேன். என் மனைவியிடம், "ஆயிரம் இருந்தாலும் அத்தான் சொன்ன சொல் தவற மாட்டார்" என்றேன். அவள், "தகரம் கூரைமேல ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதே சரி. மேடம் லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். விருது வாங்கின பள்ளியைப் பார்க்க டிசம்பரில் பார்வைக் குழு வரப்போகிறது, அதற்குள் மழையில் பேனர் சாயம் போய்விட்டால் மேயர் முகம் என்ன ஆவது? இரும்புக் கம்பம் நட்டு, வந்த தகரத்தை எல்லாம் பேனருக்கு மேலே கூரையாகப் போட்டுவிட்டார். படித்ததைத் திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள். பேனர் நனையாமல் இருக்கக் கூரை போட்டார்கள். பிள்ளைகளுக்குப் போடவில்லை.

நான் அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், அந்தத் தகரம் என் வகுப்புக்கு வந்தது."

"சார், உங்க கூரை இப்ப நம்ம ஸ்கூலோட பலம். அதுல கை வெச்சா விருதுக்கு என்ன மரியாதை? உள்ளது உள்ளபடி இருக்கணும்னு குழு எழுதியிருக்கு."

"பலம் பிள்ளைங்க தலையில ஒழுகுது மேடம்."

"ஒழுகுதுன்னு சொல்லாதீங்க சார். பொழியுதுன்னு சொல்லுங்க. பாசிட்டிவா இருங்க."

மழை வந்தது. நம் சமார் தீவு மழை உங்களுக்குத் தெரியாததா? ஒரு வாரம் விடாமல் பொழிந்தது, மேடம் சொன்ன சொல்லையே போடுகிறேன். முன் வரிசையில் உட்காரும் அனலின் என்கிற பெண், அப்பா தேங்காய்க் கொப்பரை போடுகிறவர், அரிசிச் சாக்கைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாய்ப்பாடு எழுதினாள். எழுதி முடிக்கும் முன்பே பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போனது. நிமிர்ந்து, "சார், இன்னிக்கு எழுதினது நாளைக்கு இருக்குமா?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை, இருமலும் காய்ச்சலும். எனக்கு அழுகை வந்தது, அத்தான். அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. டப்பாக்களில் விழுகிற சொட்டுச் சத்தத்தில் நான் நடத்துகிற பாடம் எனக்கே கேட்கவில்லை. வாசலைப் பார்த்தால் மேயரும் டாக்டரும் நீங்களும் ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் காய்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கிருந்தோ வந்த ஒரு ஆடுகூட உங்கள் காலடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தகரத்தைக் கழற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது அரசாங்கச் சொத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் அடித்துப் பதிந்தாயிற்று. தொட்டால் வேலை போகும். பேனருக்கு எண் கிடையாது. அது யாருடைய சொத்தும் இல்லை, வெறும் பாராட்டுதானே. அந்தச் சனிக்கிழமை அனலினின் அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் மீன்வலைக் கயிறும் பழைய டயர்களும் கொண்டு வந்தார்கள். பேனரை அவிழ்த்துக் கூரைமேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் டயரைப் பாரம் வைத்துக் கட்டினோம். முகம் மேலே இருக்கட்டுமா கீழே இருக்கட்டுமா என்று ஒருத்தர் கேட்டார். "கீழ இருக்கட்டும், பெரிய மனுஷங்க நம்ம பிள்ளைங்களைப் பாக்கட்டும்" என்றார் அனலினின் அப்பா.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் பெஞ்சுகளை அறை முழுக்கப் பரப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். இந்த வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் முழங்கை ஒருத்தர் விலாவில் இடிக்காமல் எழுதினார்கள். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெரிய ஓட்டைக்கு நேரே உங்கள் முகம்தான் விழுந்திருக்கிறது, மூக்கிலிருந்து மோவாய் வரைக்கும் தெரிகிறது. காலையில் பிள்ளைகள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அண்ணாந்து உங்களுக்கும் ஒரு வணக்கம் சொல்கிறார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த முதல் உபகாரம் இதுதான்.

வாசலில் பேனரைக் காணாத மேடம், காற்றுக்குப் பயந்து நான் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன் என்று நினைத்திருந்தார். இதற்கு நடுவில் பார்வைக் குழு வந்தது. நீங்கள் முழங்கால் வலி என்று வராமல் தப்பித்தீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன். வெளியே கொட்டுகிற மழை. டாக்டர் ஜெத்ரோ, படம் எடுக்கிற ஆள், ஓட்டுநர், மேடம், எல்லாரும் என் வகுப்புக்குள் வந்தார்கள். அளக்கிற டப்பாக்கள் காலியாக இருந்தன. டாக்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"சார், மழை எங்க?"

"வெளில பெய்யுது டாக்டர்."

"உள்ள பெய்யறதுக்குத்தானே விருது?"

மேடம் அண்ணாந்து பார்த்தார். உங்கள் பல் தெரிந்தது. அவர் முகம் மிளகாய் கடித்த மாதிரி ஆனது. என் அருகில் வந்து மெல்ல, "சார், ஒரு பத்து நிமிஷம் அதை விலக்க முடியுமா? படம் எடுத்ததும் திரும்பக் கட்டிடலாம். பிள்ளைங்க கொஞ்சமா நனைஞ்சாப் போதும்" என்றார். என் இடுப்பை நான் காட்டினேன். பயிலரங்கில் நாலு பாட்டுக்கு நின்ற இடுப்பு, ஏணி ஏறாது என்றேன். கூப்பிட்ட குரலுக்கு வந்த ரோவெனாவும், "எனக்குத் தலை சுத்தும் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். கடைசியில் ஓட்டுநர் ஒரு மூங்கில் கழியோடு பெஞ்சின்மேல் ஏறினார், கீழே இருந்தபடியே பேனரைத் தள்ளிவிடலாம் என்று. சொட்டு விழுவது அழகாகத் தெரிய வேண்டும் என்று டாக்டர் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். படம் எடுக்கிறவர் தயார் என்றார்.

ஒரு வாரத்து மழை அந்த பேனரின் பள்ளத்தில் குளமாகத் தேங்கியிருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. கழி உங்கள் மேலுதட்டில் பாய்ந்தது. அத்தனை தண்ணீரும் உங்கள் வாய் வழியாக டாக்டர் ஜெத்ரோ தலையில் கொட்டியது. டப்பா நிறைந்தது, சட்டை நிறைந்தது, காலணி நிறைந்தது.

"கூரையில பெரிய பிரச்சினை இருக்கு சார், இதை ஏன் இத்தனை நாள் யாரும் சரி பண்ணலை?" என்று அவர் கத்தினார்.

என் அலமாரியில் கிடந்த சிவப்புத் தொப்பியை ரோவெனா எடுத்து வந்தாள். ஈரத் தலையில் பக்குவமாக மாட்டிவிட்டு, "சட்டம் சட்டம்தான் டாக்டர். எந்தப் பாட்டு வேணும்னாலும் பாடலாம்" என்றாள். பிள்ளைகள் கேட்காமலேயே மத்தாப்புக் கைதட்டல் கொடுத்தார்கள். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், தொழில் மேம்பாடு வீண்போகக் கூடாது பாருங்கள்.

இத்தனை நடந்த பிறகாவது புத்தி வரும் என்று நினைத்தேன். நேற்று வந்த அறிக்கையைப் படித்தேன். 'எதிர்பாராத மழை அனுபவம் குழுவினரை ஆழமாகத் தொட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். தகரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடவே ஒரு உத்தரவு, உங்கள் கையெழுத்தோடு. வரும் மாதத்திலிருந்து நான் பயிற்சியாளன். இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போய் பள்ளிக்கு மூன்று நாள் நேர்மறைத் தலைமைத்துவம் சொல்லித்தர வேண்டுமாம்.

அத்தான், கை கூப்பிக் கேட்கிறேன். என்னை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள். இனி எந்தப் பயிற்சிக்கும் என்னை அனுப்பாதீர்கள், முடிந்தால் பயிற்சி என்கிற அந்தக் கூத்தையே இந்த மாகாணத்தில் நிறுத்திவிடுங்கள், கோடிப் புண்ணியம். பேனருக்கும் பாட்டுக்கும் பன்சித் நூடுல்ஸ் பொட்டலத்துக்கும் ஆகிற செலவில் நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் பாக்கியில்லாமல் கூரை போட்டிருக்கலாம். பேனரில் கழி குத்திய இடம் கிழிந்து மறுபடி ஒழுகுகிறது. எனக்கு வேண்டியது இரண்டு தகரம். முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், வேலையை விட்டுவிட்டுக் கொல்லையில் பன்றியோடு இருக்கிறேன். அது பாசிட்டிவாக இருக்கச் சொல்லாது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மருமகளுக்கு இந்த முறையாவது ஆண் குழந்தை பிறக்க மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். குழந்தை இயேசு தங்கள் முழங்காலையும் உத்தியோகத்தையும் காப்பாராக.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
எலிசியோ தகனாய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டின பிறகு பள்ளிக்கூடம் போனேன். ரோவெனாவின் இரண்டாம் வகுப்பிலும் நேற்றிரவுக் காற்றில் ஒரு தகரம் போய்விட்டது, சமையல் கொட்டகையிலும் ஒழுகுகிறது. அனலின் காய்ச்சல் விட்டு வந்து, அரிசிச் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். ரோவெனா என்னிடம், "சார், ஒரு பயிற்சிக்கு ஒரு பேனர்னா, வட்டாரம் பூராப் போனா எத்தனை பேனர் கிடைக்கும்?" என்று கேட்டாள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியிருப்பதில் ஒரு வரியையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரை அடிக்க வேண்டாம். பயிற்சி வேலையை ஏற்றுக்கொண்டேன். நேர்மறைத் தலைமைத்துவம் நம் நாட்டுக்கு மிகவும் அவசியம், எவ்வளவு பயிற்சி நடத்த முடியுமோ அவ்வளவு நடத்துங்கள், மழை முடிவதற்குள் நடத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் பேனர் கெட்டித் துணியில் இருக்கட்டும், முகங்கள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, முடிந்ததும் கழற்றி எடுத்துவரும் சிரமத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன். தங்கள் முகத்தை மட்டும் ஓரத்தில் போடாமல் நடுவில் போடச் சொல்லுங்கள், அத்தான். ஓரம் கயிறு கட்டும் இடம், சீக்கிரம் கிழிந்துவிடுகிறது.